பாசியம்மன் ஒருத்தியா, ரெண்டு பேரா?

உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, மரப்பட்டையில் தேமல் மாதிரி படர்ந்திருக்கும் சாம்பல் பாசியைச் சுரண்டிப் பிழைக்கிற தொழில் எனக்கு வாய்த்தது. அதற்கு லைக்கன் என்று பெயர். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம் அது. பூஞ்சை வீடு கட்டித் தரும், பாசி சமைத்துப் போடும். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காக இந்தக் குடித்தனத்தைத்தான் உளவு பார்த்தேன். உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில், கண்ணில் லென்சை வைத்துக்கொண்டு, புளியமரத்தோடு மூக்கை உரசிக்கொண்டு நின்ற பெண்ணை உங்களில் யாராவது பார்த்திருந்தால் அது நான்தான். கைடு, ஃபெலோஷிப், வருடாந்திர அறிக்கை என்று என்னைப் போல அவதிப்பட்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விடுவீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் சாலையோரப் புளியமரங்களில் ஒரு லைக்கன் இருக்கிறது. கண்ணுக்கும் ஒன்று, லென்சுக்கும் ஒன்று, ரசாயனம் ஒரு சொட்டு விட்டாலும் ஒரே நிறம். புத்தகத்திலும் ஒரே பெயர். அந்தப் பெயருக்குள் ஒருவர்தான் இருக்கிறாரா, இரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்களா என்று டிஎன்ஏவைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. மரத்துக்கு நகக்கண் அளவு சுரண்டி, அரைத்து, கரைத்து, பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் எழுத்துகளாகத் திரும்பி வரும். ஒரே இனம் என்றால் எங்காவது ஓர் எழுத்து மாறியிருக்கும். வேறு இனம் என்றால் வரிக்கு வரி மாறி நிற்கும். மயிலம் போகிற கிளைச் சாலையில், ஒரு பேருந்து நிறுத்தத்துப் புளியமரத்தில் எடுத்தது மட்டும் வரிக்கு வரி மாறி நின்றது.

குதித்துக்கொண்டு கைடு சாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கெட்ட செய்தி என்று எங்கள் துறையில் அட்டெண்டர் வரைக்கும் தெரியும். ஒரே ஒரு மாதிரியை வைத்து இனம் சொல்ல முடியாது, அதே மரத்தில் மறுபடி எடுக்க வேண்டும், இன்னொரு மரத்திலும் காட்ட வேண்டும், இல்லையென்றால் "ஒன்றுதான்" என்று எழுதி ஆய்வேட்டை முடித்துக்கொள்ள வேண்டும் என்றார். புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பதைத் திருப்பி எழுதவா இத்தனை வருடம் ரோட்டில் நின்றேன்? எடுத்த மாதிரியோ அரைத்தே தீர்ந்துவிட்டது. மரத்திலோ, சாலையை அகலப்படுத்த வெட்டுவதற்காகச் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டிருந்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கைடு சார் ஆறுதலாகச் சொன்னார்: "எதுக்கும் மரத்துக்கு முன்னாடி நீ போயிடும்மா ஸ்டெல்லா."

பிரியாணியில் வெளியாள்

இரண்டு பேர் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று பார்க்க வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்கத் தெருவுக்கே சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். எங்கள் ஆய்விலும் அப்படி ஒரு தூரத்து லைக்கனைச் சேர்த்துக்கொள்வோம். வெளியாள் என்று அதற்கு நான் பெயர் வைத்திருந்தேன். மலையில் வேலை செய்கிற ஒரு தோழி அலைந்து திரிந்து எடுத்து, இடம் உயரம் எல்லாம் எழுதி அனுப்பியது. மளிகைக் கடையில் கல்பாசி என்று வாங்குகிறீர்களே, அதற்கு நெருங்கிய சொந்தம். ஈரம் படக்கூடாது என்று வீட்டில் மேல் அலமாரியில் வைத்தேன். அது சமையலறை அலமாரி என்பது எனக்கு அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால் திண்டிவனத்தில் எங்கள் தெருமுனை வரைக்கும் பிரியாணி வாசனை. மாமா குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் அம்மா பெருமையாக வாயைத் திறந்தாள். "கல்பாசி தீந்துபோச்சேன்னு தேடினேன். நீயே கவர்ல போட்டு, எந்த ஊருதுன்னுகூட எழுதி வெச்சிருக்க. நல்ல சரக்குடி" என்றாள். கையைக்கூடக் கழுவாமல் கைடு சாருக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்திருப்பார். பிறகு கேட்டார்: "வெளியாளத்தானே சாப்பிட்டீங்க, வீட்டாளுங்க பத்திரமா இருக்காங்க இல்ல?"

கன்றுக்குட்டிக்கு அப்பன் யார்

டிஎன்ஏ என்றால் டிவி சீரியல் பார்க்கிற நம் மக்களுக்கு ஒரே அர்த்தம்தான். கல்லூரியில் ஒரு பெண் டிஎன்ஏ பார்க்கிறாள் என்ற செய்தி எப்படியோ திருவாமாத்தூர் வரைக்கும் போய்விட்டது. ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர், கன்றுக்குட்டியை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்லூரி வாசலில் வந்து இறங்கினார். அவர் பசுவுக்கு ஊசி போட்டு ஜெர்சி கன்றுக்குக் காத்திருந்தாராம். பிறந்ததோ திமிலோடு பிறந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு "அது எங்க காளையோட கன்னு" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாராம். பெரியவருக்கு மானப் பிரச்சினை.

நான் பார்ப்பது மரத்துப் பாசி, மாட்டுக்கு வேறு இடம் என்று பக்குவமாகச் சொன்னேன். கன்றுக்குட்டி அதற்குள் எங்கள் துறைத் தலைவரின் குரோட்டன்ஸ் செடியை முடித்திருந்தது. பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாசிக்கே அப்பன் யாருன்னு உக்காந்து பாத்துக்கினு கீற. உயிரோட வந்து நிக்கற கன்னுக்குட்டிக்குப் பாக்க உனக்கு இன்னாம்மா பேஜாரு?"

மஞ்சள் கயிறு

மரத்துக்கு முன்னால் போய்விடு என்று கைடு சார் சொன்ன அன்றே, அடுத்த பஸ்ஸிலேயே மயிலம் சாலைக்குப் போனேன். அந்தப் புளியமரத்தடியில் அஞ்சலை அக்கா வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பாள். அங்கு நிற்கிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் அவளிடம் ஒரு பொட்டலம் வாங்காமல் தப்பிக்க முடியாது. மரம் போனால் அவளுக்கு நிழல் போகும், நிழல் போனால் வியாபாரம் போகும். எனக்கு அந்த மரத்தில் லைக்கன், அவளுக்குப் பிழைப்பு. ஆனால் பரிசோதனைக்கூடத்தில் ரசாயனம் தீர்ந்து, புதிதாக வரச் சில மாதம் ஆகும் என்றிருந்தார்கள். சுரண்டி வைத்து அது கெட்டுப்போனால் மறுபடியும் கதை முடிந்தது. அதனால் இடத்தை அடையாளம் மட்டும் வைத்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். வழக்கமாக ஒரு தகரச் சீட்டை ஆணியடித்து வைப்போம். அதைப் பழைய இரும்புக்கு எடுப்பவர்கள் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பையில் வேறொன்றும் இல்லை. மயிலம் மலையடிவாரத்துக் கடையில் ஒரு முழம் மஞ்சள் கயிறு வாங்கி வந்து, லைக்கன் இருக்கிற இடத்தைச் சுற்றி, பட்டை வெடிப்புகளில் செருகி வட்டமாகக் கட்டினேன்.

"இத யாரும் தொடக்கூடாதுக்கா. ரொம்ப முக்கியம். இது போனா வேற எங்கயுமே இல்ல" என்றேன். அவள் கயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கண்ணைக்கூட இமைக்காமல் அந்தச் சாம்பல் தேமலையே பார்த்துக்கொண்டு நிற்பதை அவள் வெகு நாளாகக் கவனித்து வந்தவள். "மரத்த வெட்றவன் மிஷின் எடுத்துக்கினு வந்தா இன்னா பண்றது?" என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது. ஏறுகிற அவசரத்தில், கயிற்றைக் காட்டுங்க, ஆராய்ச்சி நடக்குதுன்னு சொல்லுங்க என்றேன். பின்பாதி அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, ஓடுகிற பஸ்ஸுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது: "கயித்தக் காட்டினா போதுமில்ல? அப்ப மீதிய நான் பாத்துக்கறேன், நீ போ!"

சாட்சியைக் கொன்ற கதை

ரசாயனம் வருகிற வரைக்கும் சும்மா இருக்காதே, கல்லிலும் தேடு என்று கைடு சார் என்னைக் கெடார் கிராமத்துக்கு விரட்டினார். அங்கே மல்லாட்டைக் காட்டுக்கு நடுவில் ஒரு எல்லைக்கல். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். பாசி பார்க்க ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கல்லின் அடியில் மண்ணைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். மண்ணுக்குள்ளும் லைக்கன் இருந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். லைக்கனுக்கு வெளிச்சம் வேண்டும், மண்ணுக்குள் வளராது. "இந்தக் கல்ல யாரோ பிடுங்கி எடுத்து, மறுபடி ஆழமா நட்டிருக்காங்க" என்று வாய் தவறிச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

தம்பி, ஊரைக் கூட்டினார். இத்தனை வருசமா இதைத்தான் சொல்கிறேன், எவனாவது கேட்டானா, இப்போது காலேஜிலிருந்து ஆள் வந்து சொல்லுது என்று கத்தினார். நான், எங்கே நட்டிருந்ததென்று எனக்குத் தெரியாதுங்க, எப்போது என்றும் தெரியாதுங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அதற்குள் அண்ணன் நிதானமாக மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, கல்லில் இருந்த லைக்கனை மேலிருந்து அடிவரை வழித்துப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி பீடியைப் பற்ற வைத்தார். தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "யோவ், பட்டப்பகல்ல சாட்சியக் கொன்னுட்டான்யா!"

காப்பு

ரசாயனம் வந்தபோது ஆடி மாதம். மயிலம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினவள் அப்படியே நின்றுவிட்டேன். என் புளியமரத்துக்குச் சிவப்புச் சேலை கட்டியிருந்தார்கள். வெள்ளியில் இரண்டு கண்கள் பதித்திருந்தார்கள். அடியில் சூலம், எலுமிச்சம்பழம், எரிந்துகொண்டிருக்கிற விளக்கு. ஒரு தகரப் பலகையில் 'அருள்மிகு பாசியம்மன் துணை' என்று எழுதியிருந்தது. சிவப்பு எண் இருந்த இடத்தில் குங்குமம். நான் கட்டிய கயிற்றுக்குள்தான் அம்மன் இருக்கிறாள் என்று, சரியாக அந்த வட்டத்துக்குள், விரற்கடை கனத்துக்கு மஞ்சள் அப்பியிருந்தார்கள். என் லைக்கன் அதற்குள் எங்கேயோ இருந்தது. லைக்கனுக்கு வெயில் மறைந்தால் உயிர் போய்விடும். அஞ்சலை அக்கா சிரித்துக்கொண்டே ஓடி வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். காலேஜ் பொண்ணு கண்டுபிடித்துக் கொடுத்த அம்மன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு பெண், நான் கடந்துபோகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

கத்தியை எடுத்தேன். கூட்டம் முழுக்க ஒரே குரலில் "அய்யய்யோ" என்றது. அம்மன் மேல் இரும்பு படக்கூடாதாம். கடைசியில் அடியில் உதிர்ந்து கிடந்த துகளைப் பிரசாதம் என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். அதையே அனுப்பினேன். பரிசோதனைக்கூடத்துப் பையன் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்: "மேடம், இதுல மஞ்சள் இருக்கு, எண்ணெய் இருக்கு, குங்குமம் இருக்கு. புளி கொஞ்சம் கரைச்சி ஊத்திட்டா கொழம்பே வெச்சிடலாம், டிஎன்ஏ மட்டும் கேக்காதீங்க."

எந்தக் கட்டளை

எங்களுடையது ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். பாட்டுக் குழுவில் வேறு இருக்கிறேன். நான் நட்டு வைத்த அம்மனுக்கு ஊரே கூழ் ஊற்றுகிறது என்ற விஷயம் எனக்கு உறுத்தியது. செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். லைக்கன், கைடு சார், தகரச் சீட்டு, மஞ்சள் கயிறு, வெள்ளிக் கண். நடுவில் அவருக்கு இருமல் வந்தது. சிரிப்பா இருமலா என்று தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரியவில்லை.

வெகு நேரம் யோசித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நான் அப்படி என்ன செய்துவிட்டேனோ என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் சாமியார் பரிதாபமாகச் சொன்னார்: "வேற தெய்வத்த வணங்கினேன்னா மொதல் கட்டளைல வந்துடும்மா. நீ வணங்கல, புதுசா உண்டாக்கியிருக்க. அது எதுல வருதுன்னு நான் பிஷப்பத்தான் கேக்கணும்."

அறுப்பு மிஷின்

ஆவணியில் ஒரு காலை அஞ்சலை அக்கா ஃபோன் செய்தாள். நான் போய்ச் சேரும்போது ஜேசிபியும் மரம் அறுக்கிற மிஷினும் வந்து நின்றிருந்தன. மரத்துக்கும் மிஷினுக்கும் நடுவில் அவள் மல்லாட்டைக் குண்டானோடு நின்றாள். நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை, கயிற்றைக் காட்டினாள். மிஷின் பிடித்திருந்தவர் கயிற்றைப் பார்த்தார், வெள்ளிக் கண்ணைப் பார்த்தார், மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். கான்ட்ராக்டர் வெயிலில் நின்று கத்தினார். ரோடு, ஆர்டர், கெடு என்று என்னென்னவோ சொன்னார். மிஷின்காரர் அசையவில்லை.

நான் சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதேன். மரம் பிழைக்கப்போகிறது என்று சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் தாங்காமல் கோபமும் வந்தது. என் இனத்தைக் கொன்றதும் அந்த மஞ்சள்தான், மரத்தைக் காப்பாற்றியதும் அந்த மஞ்சள்தான். அஞ்சலை அக்காவைக் கட்டிப்பிடிப்பதா, திட்டுவதா? அண்ணாந்து மூக்கைச் சிந்தும்போதுதான் பார்த்தேன். மஞ்சள் பூசுகிற கை எட்டாத உயரத்தில், கிளை பிரிகிற இடத்தில், சாம்பல் தேமல் இரண்டு திட்டாக இருந்தது. என் கண்ணை நானே நம்பாமல் எழுந்து நின்றேன். அந்த நேரத்தில்தான் மிஷின்காரர் மிஷினைக் கான்ட்ராக்டர் கையில் வைத்தார்: "பெட்ரோல்கூட நானே ஊத்தித் தரேன் சார், நீங்களே ஏறி அறுங்க."

கான்ட்ராக்டர் தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்.

அம்மனிடம் அனுமதி

கிளையில் இருந்தாலும் அம்மன் அம்மன்தான், கத்தி வைக்க அவளையே கேட்க வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. கைடு சாரிடம் சொன்னேன். வன இலாகாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம், நெடுஞ்சாலைத் துறையிடம் வாங்கியிருக்கிறோம், இதையும் வாங்கிவிடு என்றார். வெள்ளிக்கிழமை பம்பை அடித்தார்கள். அஞ்சலை அக்காவுக்குச் சாமி வந்தது. தலைமுடி அவிழ்ந்து, கண் சொருகி, அவள் என்னைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்ததும் நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். கழுத்தில் ஜெபமாலை வேறு. துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டேன்.

"இன்னா வேணும் உனக்கு?" என்றாள் அம்மன். கொஞ்சம் பாசி வேணும் தாயே என்றேன். "எவ்ளோ?" ரெண்டு திட்டுலயும் நகக்கண் அளவு. "எதுக்கு?" இந்தக் கேள்விக்கு எத்தனை கமிட்டியில் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் மறந்துபோய், உண்மை அப்படியே வாயில் வந்துவிட்டது. "நீங்க ஒருத்தியா, ரெண்டு பேரான்னு பாக்க."

கூட்டத்தில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான், என் பட்டமும் போச்சு, பல்லும் போச்சு என்று நினைத்தேன். அம்மன் ஆடுவதை நிறுத்தினாள். என் முகத்துக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்: "அது எனக்கே தெரியாதுடி. பாத்து வந்து சொல்லு."

ஏழு பேர்

கத்திக்கு வேப்பிலை கட்டிக் கொடுத்தார்கள். சுடிதாரோடு ஏணியில் ஏறி, வெறுங்காலோடு கிளையில் உட்கார்ந்து சுரண்டினேன். கீழே குலவை போட்டார்கள். டிஎன்ஏ வந்தது. ஒரு திட்டு, ஊர் முழுக்க இருக்கிற பழைய ஆள். பக்கத்துத் திட்டு, வரிக்கு வரி மாறி நிற்கிற புது ஆள். ஒரே கிளையில், ஒரு சாண் தூரத்தில், ஒன்றோடொன்று கலக்காமல் இரண்டு பேரும் இருக்கிறார்கள். கைடு சார் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "இன்னொரு மரம் மட்டும்" என்றார். இன்னொரு மரத்துக்கு எங்கே போவேன்? சாலையில் எண் போட்ட மரங்களையெல்லாம் அறுத்திருப்பார்கள் என்று நான் நம்பிக்கையை விட்டிருந்தேன்.

அந்த வாரம் நெடுஞ்சாலை இன்ஜினியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பயந்துகொண்டே போனேன். மேசையில் சாலை வரைபடம் விரித்திருந்தது. அதில் சிவப்புப் புள்ளிகள். அஞ்சலை அக்கா மரம் பிழைத்த கதை பரவி, கூழ் வண்டிக்காரர், பூக்காரம்மா, பஞ்சர் கடைக்காரர் என்று மரத்தடியில் பிழைக்கிற ஒவ்வொருவரும் அவரவர் மரத்துக்கு ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டிருக்கிறார்கள். எந்த மரத்தையும் தொட ஆள் வரவில்லையாம். சாலையை வளைத்துத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார்கள். அவர் கோபப்படவில்லை, களைத்துப்போயிருந்தார். "நீங்க தேடிக்கினு இருக்கறது ரெண்டு பாசி. எனக்கு வந்து நிக்கறது ஏழு அம்மன். தயவுசெய்து இன்னொரு கயிறு வாங்காதீங்க மேடம்."

அக்காவும் தங்கையும்

ஏழு மரத்தையும் சுற்றினேன். அனுமதி கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிவிட்டது. கூட்டுரோட்டில் பஞ்சர் கடை மரத்தில், மஞ்சள் பூசுகிற கை எட்டாமல் டயர் அடுக்கு தடுத்திருந்த பக்கத்தில், அடுக்குக்கு மேலே வெயில் படுகிற இடத்தில், ஒரு சாம்பல் திட்டு இருந்தது. கடைக்காரர் முனியன், கையில் கிரீஸோடு வந்து குறுக்கே நின்றார். மயிலம் சாலை அம்மன் ஏற்கெனவே உத்தரவு கொடுத்துவிட்டாளே, எல்லாம் ஒரே அம்மன்தானே அண்ணே என்று கேட்டேன். அவசரத்தில் கேட்டதுதான்.

முனியனுக்குச் சுருக்கென்றது. லைக்கன் ஒன்றுதான் என்று எழுதி முடித்துவிடு என்று கைடு சார் சொன்னபோது எனக்கு வந்த அதே கோபம் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. கற்பூரம் ஏற்றித் தனியாக உத்தரவு கேட்டு, பூ வலது பக்கம் விழுந்த பிறகுதான் சுரண்டினேன். பொட்டலத்தை மடிக்கும்போதும் அவருக்கு மனம் ஆறவில்லை: "பாத்தா ஒண்ணு மாதிரிதாம்மா இருப்பாங்க. அது அக்கா, இது தங்கச்சி. மூஞ்சி ஒண்ணு, ஆளு வேற. படிச்ச பொண்ணு, இது தெரியலியா உனக்கு?"

பாத்து வந்து சொன்னேன்

பஞ்சர் கடை மரத்திலும் புது ஆள்தான் இருந்தாள். எழுத்துகளை அஞ்சலை அக்கா மரத்து எழுத்துகளோடு வரிசையாக வைத்துப் பார்த்தபோது வாய்விட்டுக் கத்திவிட்டேன். இரண்டு மரமும், சிவப்பு எண்படி பார்த்தால் ஆவணியிலேயே விறகாகியிருக்க வேண்டியவை. ஆய்வேட்டில் 'இரண்டு' என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வில், சாலை அகலப்படுத்தப்பட்ட பிறகும் இந்த மரங்கள் எப்படித் தப்பித்தன என்று வெளித் தேர்வாளர் கேட்டார். உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பு என்றேன். கைடு சார் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

அம்மனுக்குச் சொன்ன வாக்கு ஒன்று பாக்கி இருந்தது. மயிலம் சாலைக்குப் போனேன். சாலை இப்போது மரத்தைச் சுற்றி வளைந்து போகிறது. சாமி வருகிற நாள் இல்லை. அஞ்சலை அக்கா மல்லாட்டையை அள்ளிக் கையில் கொடுத்தாள். "பாத்துட்டேன்க்கா. ஒருத்தி இல்ல, ரெண்டு பேர். இந்த ஒரே மரத்துல ரெண்டு பேரும் இருக்காங்க. ஒருத்திய எல்லாருக்கும் தெரியும். இன்னொருத்திக்கு இது வரைக்கும் பேரே கிடையாது" என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிவிட்டது. குண்டானை இறக்கி வைத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. நான் இத்தனை வருடம் எதற்காக அலைந்தேன் என்று எந்தக் கமிட்டியிலும் எனக்குச் சொல்லத் தெரியாததை, அவள் வாயால் கேட்ட பிறகுதான் நானும் அழுதேன். "ரெண்டு பேரா? இத்தினி நாளா ஒரு சட்டி கேப்பைக் கூழுதானே படைச்சிக்கினு இருந்தேன். பேரில்லாதவ பாவம், பசியோட இல்ல உக்காந்துக்கினு இருந்திருப்பா?"

இனங்களுக்கு நடுவில் எல்லை போட்டது டிஎன்ஏதான் என்று நான் எழுதியதற்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்; அந்த டிஎன்ஏ விறகாகாமல் நின்றது ஒரு முழம் மஞ்சள் கயிற்றால் என்பதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.